பச்சரிசி தின்றால் மழை வரும்

என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கும், மில் சங்கு ஊதினால் இப்போதும் தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குச் சகுனம் பார்க்கிற கிறுக்கு நம் ஊரோடு முடிந்துவிடுகிற சங்கதி என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன். பம்பாயில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். மஸ்கட்டில் ஒரு வீட்டின் அடுப்படியிலேயே படுத்துக் கிடந்தேன். எல்லா ஊரிலும் ஏதோ ஒரு கோளாறு இருக்கத்தான் செய்தது. ஆனால் அயர்லாந்தில் ஒரு கல்யாணத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் என் பொறுமை சுத்தமாகப் போனது.

அயர்லாந்துக்கு நான் போனது நாகர்கோவில்காரி ஒருத்தியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மழை அந்த ஊரில் அன்றாடம் வரும் விருந்தாளி. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈர வாடை போகாது. நாங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தோம், மேலே வீட்டுக்காரி. அவள் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்காரி ஒரு சின்னச் சிலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கி வந்தாள். கிரீடம் வைத்த குழந்தை இயேசு. அதை வேலிச் செடிக்கு அடியில், வெட்டவெளியில், சேற்றில் நிறுத்திவைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

"இது எதுக்கு?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"நாளைக்கு மழை வரக் கூடாதுன்னு வைக்கிறாங்கக்கா."

"கழுத்து ஒடைஞ்சு ஒட்டிருக்கே."

"ஒடைஞ்சது இன்னும் விசேஷமாம். ஆனா தானா ஒடையணுமாம். நாம ஒடைச்சா பலிக்காதாம்."

தினமும் மழை பெய்கிற ஊரில் ஒரு குழந்தைச் சாமியை மழையில் நனையவிட்டு, மழை வரக்கூடாது என்று கேட்கிறார்கள். மறுநாள் காலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒற்றைப் பறவை ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தது. ஜோடியாக வந்தால் நல்லதாம், ஒற்றையாக வந்தால் துக்கமாம். அதனால் மணப்பெண்ணின் தகப்பன், கோட்டும் சூட்டும் போட்டவர், அந்தப் பறவைக்கு நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார். பட்டாளத்தில் மேலதிகாரிக்கு வைக்கிற மாதிரி.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டில் தபால் கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். நல்ல செம்பட்டை முடி. கோவிலுக்குப் போகிற மணப்பெண்ணுக்கு எதிரே செம்பட்டை முடிக்காரி வந்தால் ஆகாது என்பது அவர்கள் கணக்கு. இவள் வேலை முடிந்து வருகிற நேரம், மணப்பெண்ணின் கார் கிளம்பியது. பார்த்தவுடன் அவளாகவே மதில் சுவருக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டாள். ஒளிந்துகொண்டு சிரித்தாள். கார் போன பிறகு எழுந்து முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் ஒளிந்தாள், சாகிற வரைக்கும். அம்மா மட்டும் சிரித்ததில்லை.

அன்றைக்கும் மழை பெய்தது. சிலையைத் திசை மாற்றி வைத்துவிட்டேன் என்றாள் வீட்டுக்காரி.

அந்தச் செம்பட்டை முடிக்காரிதான் எனக்கு ஒரு ஐப்பசி மாசத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்பா மில்லில் இறந்துபோன பிறகு அம்மாவும் நானும் ராஜபாளையத்தில் மாமா வீட்டில் இருந்தோம். நீளமாக ஒரு அறை, பின்னால் அடுப்படி, அதை ஒட்டி அரிசியும் விறகும் போட்டுவைக்கிற இருட்டு அறை. வீடு அவ்வளவுதான். அம்மாவின் தங்கை, என் சித்தி, அதே வீட்டில் இருந்துகொண்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நூலைக் கோனில் சுற்றுகிற வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது அவள் புருவத்திலும் இமையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குனிவாள், நான் ஊதிவிடுவேன்.

சித்திக்கு ஒரு பழக்கம் இருந்தது. பச்சரிசி தின்பாள். நாம் எல்லோரும் அரிசி களையும்போது ஒரு வாய் போட்டுக்கொண்டவர்கள்தான். அவள் தின்றது அப்படி இல்லை. தாவணி முந்தியில் முடிந்து மில்லுக்கு எடுத்துப் போவாள். படுத்திருக்கும்போதும் வாயில் நறநறவென்று அரைபடும். எனக்கும் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டுவாள். எனக்கு இரண்டு வாய்க்குப் பிறகு பல் கூசும். அவளுக்கு நிறுத்த முடியாது. ருசித்துத் தின்கிறவள் முகம் அது இல்லை என்று இப்போது தெரிகிறது. தவிக்கிறவள் தண்ணீர் குடிக்கிற முகம் அது.

"ஏட்டி, அரிசிய மெல்லாத. ஒன் கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டப் போவுது பாரு" என்பாள் அம்மா.

"கொட்டட்டும்க்கா. மொதல்ல கல்யாணம் வரட்டும்."

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா இருந்தார். அவர் வானத்தைக் காட்டி, சித்தியின் கையையே தட்டிவிடுவார். "வத்து தல்லி, வத்து" என்பார். வேண்டாம் தாயே, வேண்டாம் என்று அர்த்தம். ஆக, இரண்டு பாஷையிலும் அந்த அரிசிக்கு மழை என்றுதான் பொருள். மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சித்தியின் முதல் சம்பந்தம் பல்லியால் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்று, காபி குடித்து, இன்னொரு தடவை பஜ்ஜி கேட்டு அதையும் தின்று முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பல்லி சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. எந்தத் திசையில் சொன்னது என்று ஒரு வாக்குவாதம். ஆகாத திசைதான் என்று முடிவு செய்துகொண்டு எழுந்து போனார்கள்.

இரண்டாவது சம்பந்தம் என் அம்மாவால் போயிற்று என்று பேச்சு. தெருக்குழாயில் அன்று தண்ணீர் முன்னாடியே வந்துவிட்டது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்கு திரும்பினாள், எதிரே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். நிறைகுடம் எதிரே வந்தால் நல்ல சகுனம். தாலியில்லாதவள் எதிரே வந்தால் கெட்ட சகுனம். நிறைகுடத்தோடு வந்த தாலியில்லாதவளை எதில் சேர்ப்பது என்று அவர்களுக்கே செத்த நேரம் குழப்பம். நடுத்தெருவில் நின்று கூடிப் பேசினார்கள். அம்மா குடத்தை இறக்கவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றாள். கடைசியில் அவர்கள் கெட்டதையே எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த அரிசி அறைக்குள் போய்விட வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போனதுக்கு ஒரு வேலையாவது நடக்கட்டும் என்று இருட்டிலேயே அரிசி புடைப்பாள்.

சேத்தூரில் ஒருத்தர் இருந்தார். மாமா வயசு. பெண்டாட்டி இறந்துபோய், வீடு நிறையப் பிள்ளைகள். அவருக்குச் சகுனம் பார்க்க நேரமில்லை, சமைக்க ஆள் வேண்டும். சித்தியைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு இடம் பாப்பேன்" என்று மாமா அடுப்படியில் நின்று சொன்னார். "அதுவும் நின்னு போச்சுன்னா சேத்தூருக்குத்தான். பொறவு என்னயக் கொற சொல்லாதிய."

சித்தி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினாள்.

அந்த ஒரே ஒரு இடம்தான் பட்டாளத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் வீடு. தகப்பன் இல்லை. பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர்கள் வருகிற அன்று காலையில் சித்தியும் நானும் ஆளுக்கொரு விளக்குமாற்றை எடுத்து, வீட்டில் இருந்த பல்லிகளை ஒன்று விடாமல் விரட்டினோம். விட்டத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. சித்தி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அது வாயைத் திறக்கவே இல்லை.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி நேரே சித்தியிடம் கேட்டார்.

"மில்லுல எந்த ஷிப்டு?"

எல்லோரும் திகைத்துப்போனார்கள். பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"இந்த வாரம் ரெண்டாவது" என்றாள் சித்தி.

"அப்ப ராத்திரிச் சாப்பாடு?"

"தூக்குவாளில கொண்டுபோவேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் போன பிறகு சித்தி என்னை அரிசி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா அங்கே முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, சாப்பாட்டப் பத்திக் கேட்டாருக்கா" என்று சித்தி சொன்னாள். அம்மா முறத்தை வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினாள். அந்த வீட்டில் நான் பார்த்த நிச்சயதார்த்தம் அதுதான்.

இனிமேல்தான் என் எரிச்சலே ஆரம்பம். மாப்பிள்ளை ஆவணியில் லீவில் வந்திருந்தார். ஆவணியில் நல்ல வெயில், நல்ல முகூர்த்தங்கள். ஆனால் அவர்கள் பங்காளியில் யாரோ ஒரு கிழவர் இறந்துபோய்த் தீட்டு. அந்தக் கிழவர் முகத்தை மாப்பிள்ளை பார்த்ததே கிடையாது. புரட்டாசியில் கல்யாணம் கூடாது. ஆக, லீவு முடிகிறதுக்கு முன்னால் ஐப்பசியில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம். அதை விட்டால் அடுத்த லீவு எப்போதோ.

"ஐப்பசில மழயில்லா?" என்று அம்மா அறைக்குள் இருந்து கேட்டாள்.

"நீ செத்த சும்மா இரு" என்றார் மாமா.

அந்த வீட்டில் காலண்டரைப் பார்த்து யோசித்தது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் வெளியே வர அனுமதி இல்லை.

தடங்கல் இல்லாமல் முடியட்டும் என்று வேண்டிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போனோம். மாமா, சித்தி, நான். மலையடிவாரத்தில் ஆற்றங்கரையோரமாக நடக்கிற பாதை. ஈரப் பாறையும் மக்கின இலையும் கலந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. பாதி தூரம் போவதற்குள் சித்தி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. உதடு வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்தேன், நகமெல்லாம் வெள்ளை.

"எந்திரிட்டி. கெழவிக கூட ஏறிப் போறாளுவ" என்றார் மாமா.

"முடியலண்ணே. கண்ணு இருட்டுது."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நானும் அவர் முகத்தையே பார்த்தேன். என்ன உடம்புக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். "சாமி தடுக்குது" என்றார். அதோடு எங்களை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். சித்தி முந்தியை அவிழ்த்து அரிசியை எடுத்து வாயில் போட்டாள். மென்றுகொண்டே, "ஏட்டி, மாமாட்டச் சொல்லாத" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாளே வானம் மேற்கே கறுத்துவிட்டது. மலை தெரியவில்லை. எவளோ சொன்னாள் என்று வாசலில் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டுவைத்தார்கள். அயர்லாந்துக்காரிக்குக் கிரீடம் வைத்த குழந்தை, எங்களுக்கு விளக்குமாறு. மழை இரண்டையும் ஒரே மாதிரிதான் மதித்தது.

விடிவதற்குள் பந்தல் ஒழுக ஆரம்பித்தது. நனைந்த தென்னங்கீற்று வாடையும் சாம்பார் வாடையும் சேர்ந்து அடித்தன. கலர் பேப்பர் தோரணம் சாயம் விட்டது. வந்தவர்கள் வேட்டியிலெல்லாம் ரோஸும் பச்சையுமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. முகூர்த்த நேரம் போனது. அப்போதும் வரவில்லை.

செண்பகத்தோப்பிலிருந்து வருகிற ஓடை ரோட்டுக்கு மேலே போகிறது, அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வர முடியவில்லை என்று சைக்கிளில் ஒருத்தன் வந்து சொன்னான். அவ்வளவுதான். கூட்டத்தில் யாருக்கும் ஓடையைப் பற்றிக் கவலை இல்லை. அரிசியைப் பற்றித்தான் பேச்சு.

"எம்புட்டு அரிசி தின்னுருப்பா? மழயப் பாத்தாத் தெரியலையா?"

"மூட்டயவே தின்னுருப்பா."

சித்தி அலங்காரத்தோடு நீள அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்தது. மஞ்சள் பூசின முகத்தில்கூட வெளிறல் தெரிந்தது. சேத்தூர்க்காரரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தலில் ஒழுகாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

ராகு காலம் ஆரம்பித்த பிறகுதான் மாப்பிள்ளை வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. பெரியப்பா மட்டும் முழங்காலுக்கு மேலே சேறு படாமல் சுத்தமாக இருந்தார். ஓடையில் மாப்பிள்ளை அவரை முதுகில் தூக்கிக்கொண்டு கடந்திருக்கிறார். மற்றவர்கள் பின்னால் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பெரியப்பா முகம் கடுகடுவென்று இருந்தது. பந்தலில் நுழைந்து உட்காருவதற்குள் யாரோ அவர் காதில் அரிசிச் சங்கதியைப் போட்டுவிட்டார்கள்.

அவர் மாமாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க, பொண்ணு பச்சரிசி தின்னுமாமே?"

"சின்னப் பிள்ள வெளாட்டா..."

"வெளாட்டா? முகூர்த்தம் போச்சு. இப்ப ராகு காலம் நடக்கு. ஓடைத் தண்ணி எங்க மென்னிய முறிக்கப் பாத்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? இவன் லீவு முடிஞ்சு போயிட்டு வரட்டும். பொறவு பாக்கலாம்."

பொறவு பாக்கலாம் என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். அவர் திரும்பிச் சேத்தூர்க்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்ததை நான் பார்த்தேன்.

சித்தியும் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். மணவறைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் அட்சதை இருந்தது. மஞ்சள் கலந்த பச்சரிசி. நேரே போய் அதில் ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றாள். அவ்வளவு கூட்டத்திலும் அரிசி அரைபடுகிற சத்தம் கேட்டது. உதட்டோரம் மஞ்சள் ஒட்டியிருந்தது. முழுங்கிவிட்டு இன்னொரு கை அள்ளினாள்.

"ஆமா, நாந்தான் தின்னேன்" என்றாள் பெரியப்பாவிடம். "இப்பவும் திங்கேன். நான் தின்னாத்தான் மழன்னா, இனிமே இது நிக்கவே நிக்காது. நனஞ்சுக்கிட்டே கெட்டுனாக் கெட்டச் சொல்லுங்க. இல்லன்னா ஓடையில தண்ணி இன்னும் ஏறுமுன்னால போயிருங்க."

மாமா கையை ஓங்கிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார்.

மாப்பிள்ளை சேற்றுக் காலோடு குறுக்கே வந்து நின்றார். சித்திக்கு முன்னால் கையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் குடு. விடிஞ்சதுல இருந்து ஒண்ணும் திங்கல."

"ஏலே!" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, ஒங்களச் சொமந்துட்டு வந்ததுக்குக் கூலியா இதயாவது திங்க விடுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் சகுனம் பேச முடியாது. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மணவறையில் உட்கார்ந்த சித்தி, "அக்காவ வரச் சொல்லுங்க" என்றாள். நான் ஓடிப்போய் அரிசி அறைக் கதவைத் திறந்தேன். அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர், வாயில் சிரிப்பு.

"வாம்மா, சித்தி கூப்பிடுதா."

"வேண்டாம்ட்டி. கெட்டி முடியட்டும்."

"மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்லுததுக்கு இல்லட்டி. எனக்கே மனசு கேக்கல. நான் வந்து ஏதாச்சும் ஆயிட்டா?"

எவ்வளவு இழுத்தும் வரவில்லை. ஊரே சொன்னதைச் சித்தி ஒரு கை அரிசியில் நொறுக்கிவிட்டாள். என் அம்மாவுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டதை நொறுக்க யாராலும் முடியவில்லை. இத்தனை வருசம் கழித்தும் எனக்கு அவள் மேல்தான் அதிகக் கோபம். அதுவும் நியாயம் இல்லை.

ராகு காலத்திலேயே தாலி ஏறியது. தாம்பாளத்தில் அட்சதை கொஞ்சமே மிஞ்சியிருந்ததால் ஆளுக்கு நாலு மணிதான் கிடைத்தது. பெரியப்பா தன் பங்கை எறியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். சேத்தூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அதோடு கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறு வருசம் சித்தி ஆஸ்பத்திரியில் முதல் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. அவளும் பிழைப்பாளா என்று இருந்தது. "இந்தப் பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்லையே, இத்தன நாளா யாரும் பாக்கலையா?" என்று டாக்டரம்மா திட்டினார். மாமா வெளியே வந்து சொன்னது வேறு. "ராகு காலத்துல கெட்டுன தாலி. நான் அன்னைக்கே சொன்னேன்." அவர் அன்றைக்குச் சொன்னது அது இல்லை. ஆனால் ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. சித்திக்கு அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கின. அதை யாரும் எந்தக் காலத்தோடும் முடிச்சுப் போடவில்லை.

நானும் அதைத் தாண்டி யோசித்தவள் இல்லை. அயர்லாந்தில்தான் தெரிந்தது. நர்ஸின் மூத்த மகள், வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் அடுப்படியில் நின்று அரிசி டப்பாவைத் திறந்து பச்சையாக அள்ளி மென்றுகொண்டிருந்தாள். நறநறவென்று அதே சத்தம். யோசிக்காமலே என் வாயில் வந்தது அதேதான்: "ஏட்டி, மெல்லாத. ஒன் கல்யாணத்துல மழ பெய்யும்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மகள் அருகே போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். மறுநாளே ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ரத்தத்துல இரும்புச் சத்து கொறஞ்சா சில பேருக்கு இப்படித்தான்கா அரிசி, மண்ணு, ஐஸ்கட்டின்னு திங்கத் தோணும்" என்றாள் வந்து. "மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மாத்திரை கொடுத்தார்கள். சில மாசத்தில் அந்தப் பிள்ளை அரிசி டப்பா பக்கமே போகவில்லை. நான் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பாறை, அந்த வெளுத்த உதடு, சாமி தடுக்குது என்ற குரல். எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. வானத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருத்தராவது அவளைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி இப்போது ராஜபாளையத்தில் ஒரு அறை எடுத்து இருக்கிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சித்தியைப் பார்க்கப் போனேன். அவள் பேத்திக்குக் கல்யாணம். எந்த மாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே சித்தியின் குரல் கேட்டது.

"ஏட்டி, அந்த அரிசிய மெல்லாதன்னு எத்தன தடவ சொல்லுதேன். கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டப் போவுது."

நான் செருப்போடு அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். பேத்தி ஆலையில் வேலை பார்க்கிறவள் இல்லை, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். ஆனால் உதடு அதே வெளுப்பு. சித்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொன்னது, மாத்திரை, அவளுடைய முதல் பிள்ளை. சித்தி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அந்த மழ என்னால இல்லையாட்டி?"

"ஐப்பசி மழ சித்தி அது. எல்லா வருசமும் பெய்யுதது."

"எல்லா வருசமும் பெய்யும்தான். அன்னைக்குப் பெஞ்ச மாதிரியா பெஞ்சுது? அந்த வருசம் கம்மா ரொம்பி வழிஞ்சு மறுகால் போச்சு. எங்க வயல்ல ரெண்டு போகம் வெளஞ்சுது. இவரு பெரியப்பாகூடப் பொறவு சொன்னாரு, மருமக கொண்டாந்த மழன்னு." குரல் இறங்கிவிட்டது. "நாந்தான்னு இருந்தேன். அந்தப் பிள்ள போனதுக்கும் நாந்தான்னு இருந்தேன்."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "வாட்டி, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தப் பாத்துட்டு வந்துருவோம்" என்று பேத்தியை அதட்டினாள். பையை எடுத்தாள், குடையை எடுத்தாள். நானும் கிளம்பி நின்றேன். வாசற்படியில் கால் வைத்தவள் நின்று, உள்ளே திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"செத்த நேரம் உக்காரு. ராகு காலம் முடியட்டும்."

"சித்தி, நீ தாலி கெட்டிக்கிட்டதே ராகு காலத்துல."

"அதனாலதான் சொல்லுதேன்" என்றாள் சித்தி.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.